கழுத்துத் தண்டெலும்பு அறுவைக்குப் பின் விழுங்குவது ஏன் சிரமமாகிறது?

கையில் இறங்கிய வலிக்கும் மரமரப்புக்கும் கழுத்தெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்தாயிற்று. கை வலி போய்விட்டது. ஆனால் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, மாத்திரை தொண்டையிலேயே நிற்கிறது, குரல் கம்முகிறது. வலித்த இடம் ஒன்று, புதிதாக முளைத்த தொல்லை வேறொன்று என்பதால் நோயாளியும் வீட்டாரும் குழம்பிப்போகிறார்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று ஒருவர் சொல்கிறார். 'நரம்பு அறுபட்டிருக்கும்' என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார்.

பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் 'விழுங்கல் சிரமம்' என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும்: எது இறங்க மறுக்கிறது, அறுவைக்குப் பின் எத்தனையாவது நாளில்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு.

எலும்பு பின்னால், வழி முன்னால்

டிஸ்க் இருப்பது தண்டுவடத்துக்கு முன்புறம். பின்கழுத்தைத் திறந்து போனால் தண்டுவடத்தை ஒதுக்கினால்தான் டிஸ்க்கை முழுதாக எட்ட முடியும். தண்டுவடமோ ஒதுக்குவதைத் தாங்காது. அதனால் முன்கழுத்து வழியாகப் போகும் முறையை 1950களில் ராபின்சன், ஸ்மித் இருவரும், தனியாகக் கிளோவர்டும் வகுத்தார்கள். இன்று மருத்துவமனைச் சீட்டில் 'ஏ.சி.டி.எஃப்.' என்று எழுதுவது இதைத்தான்: முன்வழியாக டிஸ்க்கை நீக்கி, மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாகச் சேர்ப்பது.

கழுத்தின் ஒரு பக்கத்தில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறுகிறார்கள். தலைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் வேகஸ் நரம்பும் அடங்கிய உறையை வெளிப்பக்கம் தள்ளுகிறார்கள். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் உட்பக்கம் தள்ளுகிறார்கள். இடையில் கிடைக்கும் இடைவெளிதான் வழி. அது மூடிக்கொள்ளாமல் இருக்க, ரிட்ராக்டர் எனப்படும் உலோகத் தகடுகளை எலும்பின் முன்பக்கத் தசைகளின் விளிம்புக்கு அடியில் செருகி விரித்து வைக்கிறார்கள். டிஸ்க்கை எடுத்த இடத்தில் கேஜ் எனப்படும் சிறு செயற்கைக் கூட்டையோ எலும்புத் துண்டையோ வைத்து, தேவைப்பட்டால் முன்னால் ஒரு பிளேட்டை ஸ்க்ரூவால் பொருத்துகிறார்கள்.

தொண்டையின் பின்சுவர் கழுத்தெலும்பின் முன்முகத்தை ஒட்டியே இருக்கிறது. கழுத்தில் 7 எலும்புகள். சி1 முதல் சி7 வரை. நாக்கின் அடிப்பகுதியில் உள்ள ஹையாய்டு எலும்பு சி3 மட்டத்தில் இருக்கிறது. சி6 மட்டத்தில் தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்குகிறது. எனவே எந்த மட்டத்தில் அறுவை நடந்தது என்பதைப் பொறுத்துப் பாதிக்கப்படும் உறுப்பும் மாறும். சி3–சி4 மட்டத்தில் நடந்தால் தொண்டையும் குரல்வளையின் மேல்பகுதியும். சி5–சி6, சி6–சி7 மட்டங்களில் நடந்தால் உணவுக்குழாயின் வாயிலும் அதற்குக் கீழும்.

ஒரு வாய் விழுங்கும்போது நடப்பது

வாயில் மென்று உருட்டிய கவளத்தை நாக்கு பின்னால் தள்ளுகிறது. இதுவரை நம் விருப்பம். இதற்குமேல் அனிச்சைச் செயல். சுமார் ஒரு நொடிக்குள் இவை அனைத்தும் நடக்க வேண்டும்: மூச்சு நிற்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளை மேலேயும் முன்னேயும் எழும்புகிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, தொண்டைச் சுவர் கவளத்தைப் பிழிந்து தள்ளுகிறது, உணவுக்குழாயின் மேல்வாயில் திறக்கிறது. ஐந்து மண்டையோட்டு நரம்புகள் இதில் பங்கேற்கின்றன.

இதில் இரண்டு வகைத் தோல்வி உண்டு. காற்றுவழி சரியாக மூடாவிட்டால் உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் நழுவும். பிழிந்து தள்ளும் வலு குறைந்தாலோ வழி குறுகினாலோ கவளம் தொண்டையிலேயே தங்கும். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் மருத்துவம் ஒன்றல்ல; சில இடங்களில் நேர் எதிர்.

எதனால் கெடுகிறது

1. வீக்கம். மிகப் பொதுவான காரணம் இதுவே. எலும்புக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடையிலுள்ள மென்திசு வீங்கி முன்னால் உந்துகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இந்தத் தடிமனை அளக்கலாம். அறுவை முடிந்த அன்றைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்தில் இருக்கும். வீடு திரும்பியவுடன் 'நேற்றைவிட மோசமாக இருக்கிறதே' என்று பலர் பதறுவது இதனால்தான். குரல்வளை மூடி கவிழ இடமில்லாமல் பின்சுவரில் முட்டுவதும் இந்த வீக்கத்தின் விளைவு.

2. ரிட்ராக்டரின் அழுத்தம். உணவுக்குழாய் ஒருபுறம் உலோகத் தகட்டுக்கும் மறுபுறம் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் நெரிபடுகிறது. மயக்க மருந்துக்காக மூச்சுக்குழாயில் செருகிய குழாயைச் சுற்றிக் காற்றடைத்த பலூன் ஒன்று இருக்கிறது. ரிட்ராக்டரை விரித்ததும் பலூனின் உள்ளழுத்தம் கூடிவிடும். அந்த நேரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, கசியாத அளவுக்கு மட்டும் மறுபடி நிரப்புவதும், நீண்ட அறுவையில் ரிட்ராக்டரை இடையிடையே தளர்த்துவதும் இந்தச் சேதத்தைக் குறைக்க மருத்துவர்கள் கையாளும் வழிகள்.

3. நரம்பு இழுபடுதல். பெரும்பாலும் நரம்பு அறுபடுவதில்லை. இழுபட்டோ நசுங்கியோ தற்காலிகமாக வேலைநிறுத்தம் செய்கிறது. எந்த நரம்பு என்பதைக் குறிகளே காட்டிக்கொடுக்கும். குரல் நாணை அசைக்கும் ரெக்கரன்ட் லாரிஞ்சியல் நரம்பு பாதித்தால் குரலில் காற்றுக் கலந்து ஒலிக்கும், இருமலில் வலு இராது, தண்ணீரில் புரையேறும். சி3–சி4 பக்கம் வரும் சுப்பீரியர் லாரிஞ்சியல் நரம்பு பாதித்தால் உயர்ந்த சுருதி எட்டாது. அத்துடன் குரல்வளையின் மேல்பகுதி மரத்துப்போகும். இந்த மரப்புதான் ஆபத்து. உணவு தவறான வழியில் போனாலும் இருமல் வராது. சி2–சி3 அளவுக்கு மேலே போன அறுவையில் நாக்கை அசைக்கும் நரம்பு பாதிக்கலாம். நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் கோணும்.

4. பிளேட்டும் ஸ்க்ரூவும். பிளேட் தடித்திருந்தாலோ எலும்போடு படியாமல் துருத்தியிருந்தாலோ உணவுக்குழாயை உரசும். ஸ்க்ரூ தளர்ந்து வெளியே வந்தால் சிக்கல் பெரிது. எலும்பின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும், பிளேட் தேவைப்படாத கேஜ்கள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் எல்லா நோயாளிக்கும் எல்லா மட்டத்துக்கும் அவை பொருந்திவிடாது.

5. எலும்பு வளர்க்கும் புரதம். ஆர்.எச்.பி.எம்.பி-2 என்ற பொருளைக் கழுத்தின் முன்பக்கத்தில் வைத்தபோது உயிருக்கே ஆபத்தான வீக்கம் வந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த வீக்கம் சாதாரண வீக்கத்தைவிடத் தாமதமாக, இரண்டாம் நாளுக்கும் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் தோன்றியது கவனிக்கத்தக்கது.

6. ஒட்டுத்தழும்பு. ஆறும்போது உணவுக்குழாய் பிளேட்டோடும் எலும்போடும் ஒட்டிக்கொண்டால், விழுங்கும்போது தாராளமாக நகர முடியாது. இது மாதங்கள் கழித்துத் தெரியும்.

7. உணவுக்குழாயில் துளை. மிக அரிது, ஆனால் உயிர்போகும் சிக்கல். அறுவையின்போதே நேரலாம், ஸ்க்ரூ அரித்து ஆண்டுகள் கழித்தும் நேரலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட மட்டங்களில் அறுவை, நீண்ட நேர அறுவை, ஏற்கெனவே அறுவை நடந்த கழுத்து, முதிய வயது ஆகியவை விழுங்கல் சிரமம் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெண்களிடம் அதிகம் காணப்படுவதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன.

பின்கழுத்து அறுவைக்குப் பிறகும் விழுங்கல் சிரமம் வரலாம், குறைவான பேருக்கு. ஆனால் மண்டையோட்டையும் சி2 எலும்பையும் இணைத்துப் பொருத்தும்போது தலை அளவுக்கு மீறிக் குனிந்த நிலையில் நிலைத்துவிட்டால் தொண்டையே குறுகிவிடும். அங்கே காரணம் கோணம். காத்திருப்பதால் அது மாறாது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உணவும் மருந்தும் வாய்வழி தராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

1. கழுத்து விறுவிறுவென வீங்குதல், மூச்சிழுக்கும்போது சத்தம், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குதல். உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்று பொருள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும், சிலருக்குச் சில நாள் கழித்தும் வரும். தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றுவதுதான் இதற்கு முதல் வைத்தியம், நிமிடங்கள் முக்கியம்.

2. சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிதல்.

3. காய்ச்சலுடன் கழுத்து வலியோ நெஞ்சு வலியோ கூடுதல், தோலைத் தொட்டால் நறநறவென்று காற்றுக் குமிழி உடைவது போன்ற உணர்வு, தையல் வழியே உணவோ எச்சிலோ கசிதல். உணவுக்குழாய்த் துளையின் அடையாளங்கள் இவை.

4. சாப்பிட்ட பின் இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல். நுரையீரலுக்குள் உணவு போய் நிமோனியா தொடங்கியிருக்கலாம்.

5. கை கால்களில் புதிதாக வலுக்குறைவு, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல். இது விழுங்கலைச் சேர்ந்ததல்ல. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால் தண்டுவடத்தையே ஏதோ அழுத்துகிறது என்று எண்ண வேண்டும்.

நாள்கணக்கு சொல்லும் செய்தி

முதல் வாரத்தில் தொண்டை அடைப்பும் வலியும் இருப்பது விதிவிலக்கல்ல, வழக்கம். அந்த வாரத்தில் நாளுக்கு நாள் தேறுகிறதா என்பதைவிட, நான்காம் நாளுக்குப் பிறகு தேறத் தொடங்கியதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். முதல் மாத முடிவில் கேட்டால் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதேனும் சிரமம் சொல்வதாகக் கண்ட ஆய்வு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது லேசானது. ஆறு வாரத்தில் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பின் மிச்சமிருப்போர் சிறுபான்மை. அவர்களிலும் கடும் சிரமம் உள்ளவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கணக்கோடு நோயாளியின் கதையை ஒட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கினால் வீக்கம். முதல் நாளிலிருந்தே குரல் கம்மி, வாரங்கள் போயும் அசையாமல் நின்றால் நரம்பு. நன்றாகத் தேறி, பல மாதம் கழித்துத் திடீரெனத் திரும்பினால் உலோகப் பொருத்தம் நகர்ந்ததா என்று எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும். இந்த மூன்றாவது வகையைப் 'பழைய தொல்லைதானே' என்று ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது.

மருத்துவர்கள் பயன்படுத்தும் பாஸாஸ் அளவுகோல் எளிமையானது. திட உணவில் எப்போதாவது சிரமம், நீரில் இல்லை என்றால் லேசானது. ரொட்டி, இறைச்சி போன்ற குறிப்பிட்ட உணவுகளில் மட்டும் அவ்வப்போது சிக்கினால் நடுத்தரம். பெரும்பாலான திட உணவுகளில் அடிக்கடி சிக்கினால் கடுமை. இதன் குறை, நீரில் புரையேறுவதை இது சரியாகப் பிடிப்பதில்லை. இ.ஏ.டி-10 என்ற பத்துக் கேள்விப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண். மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பரிசோதனை தேவை. அறுவைக்கு முன்பே ஒருமுறை இதை நிரப்பி வைத்தால், பின்னால் ஒப்பிட அடித்தளம் கிடைக்கும்.

தண்ணீரா, திட உணவா?

இங்கேதான் அதிகம் தவறு நேர்கிறது. 'விழுங்க முடியவில்லை' என்றதும் எல்லாவற்றையும் கெட்டியாக்கிக் கொடுக்கும் பழக்கம் பக்கவாத நோயாளிகளிடமிருந்து வந்தது. அங்கே நீர் வேகமாக ஓடித் தவறான வழியில் போவதுதான் முதன்மைச் சிக்கல். கழுத்து அறுவைக்குப் பின் பலருக்கு நிலை வேறு: பின்சுவர் வீங்கி வழி குறுகியிருக்கிறது, தள்ளும் வலு குறைந்திருக்கிறது. கெட்டிப் பொருள் தொண்டைக் குழிகளில் தங்கி, அடுத்த மூச்சில் உள்ளே நழுவும். இவர்களுக்குக் கெட்டியாக்குவது கெடுதல். நீர்த்த உணவே எளிதில் இறங்கும்.

குரல் நாண் அசையாதவருக்கோ தண்ணீர்தான் எதிரி. ஒரே மனிதருக்கு இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே கெட்டியாக்கும் பொடியைச் சோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: தண்ணீர் குடித்ததும் இருமலா? குடித்தபின் குரல் கரகரவென ஈரமாக ஒலிக்கிறதா? ஒரே கவளத்தை மூன்று நான்கு முறை விழுங்க வேண்டியிருக்கிறதா? எந்த உயரத்தில் நிற்பதாக உணர்கிறார்? இந்த நான்கையும் எழுதி எடுத்துப்போனால் மருத்துவருக்கு நேரம் மிச்சம்.

சோதனைகளில் எது எதைக் காட்டும்

மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டு விழுங்கச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு 'ஃபீஸ்' (FEES) என்று பெயர். குரல் நாண் அசைகிறதா, எச்சில் தேங்குகிறதா, எந்த உணவு மிச்சம் தங்குகிறது என்பதெல்லாம் தெரியும். கழுத்தில் மாட்டிய ஆதரவுப் பட்டையான காலரோடு படுக்கையருகிலேயே செய்யலாம். ஆனால் விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டை சுருங்கிக் கேமராவை மூடிக்கொள்வதால் அது மட்டும் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கும் சோதனையில் அந்தக் கணமும், பின்சுவர் வீக்கமும், பிளேட்டின் துருத்தலும், உணவுக்குழாயின் மேல்வாயில் திறக்கும் அளவும் தெரியும். துளை இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் முதலில் நீரில் கரையும் சாய மருந்தையே பயன்படுத்துவார்கள். பேரியம் நெஞ்சுக்குள் கசிந்தால் அழற்சியை உண்டாக்கும்.

அறுவைக்குப் பின் குரல் கம்மலும் புரையேறலும் சேர்ந்திருந்தால் வாரக்கணக்கில் காத்திராமல் இ.என்.டி. மருத்துவரிடம் குரல் நாணைப் பார்த்துவிட வேண்டும்.

சாப்பிடும் முறை

உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணிட்டு வகைப்படுத்தும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலகப் பொது அளவுமுறை இருக்கிறது. பானங்கள் 0 முதல் 4. உணவுகள் 3 முதல் 7. மருத்துவமனையில் 'இரண்டாம் நிலைப் பானம்' என்று சொன்னால் வீட்டில் இப்படிச் சரிபார்க்கலாம்:

1. 0 முதல் 10 மி.லி. வரையுள்ள அளவுக்கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்கும் 10 மி.லி. சிரிஞ்சை எடுத்து, உள்தண்டை நீக்கவும். நீளம் வேறானால் கணக்கு தவறும்.
2. முனையை விரலால் அடைத்து 10 மி.லி. வரை நிரப்பவும்.
3. விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடைக்கவும்.
4. மீதம் 1 மி.லி.க்குக் குறைவென்றால் நிலை 0. 1 முதல் 4 என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8க்கு மேல் என்றால் நிலை 3.

உணவில் நிலை 4 என்பது கட்டியில்லாத மசியல். நிலை 5 ஈரமான, பெரியவர்களுக்கு 4 மி.மீ. அகலத் துணுக்குகள். நிலை 6 மென்மையான, 1.5 செ.மீ.க்கு மேற்படாத துண்டுகள். வீக்கம் வடிய வடிய மேல்நிலைக்கு ஏறலாம். உலர்ந்த ரொட்டி, உதிரும் பிஸ்கட், கொட்டை வகைகள், நார் நிறைந்த இறைச்சி ஆகியவை கடைசியாகத் திரும்ப வேண்டியவை.

சாப்பிடும்போது நேராக நிமிர்ந்து உட்கார வேண்டும். முடித்த பின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு வாய்க்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. அளவு. விழுங்கியபின் வெறும் வாயால் இன்னொரு முறை விழுங்க வேண்டும். நீர் பாதுகாப்பாக இறங்குபவர் என்றால் கவளத்துக்கு ஒருமுறை ஒரு மிடறு நீர் குடிப்பது தங்கியதை அடித்துச் செல்லும். காலர் தாடையை மேலே தூக்கி விழுங்குவதைக் கடினமாக்கும். சாப்பிடும் நேரம் மட்டும் தளர்த்தலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்கலாம், தானாகக் கழற்றக் கூடாது.

வாய்ச் சுத்தத்தைப் பலர் இதோடு சேர்த்து நினைப்பதில்லை. எச்சில் உள்ளே நழுவும்போது அதிலுள்ள கிருமிகளே நிமோனியாவுக்கு வித்து. தினம் இருமுறை பல் துலக்குவது விழுங்கல் சிகிச்சையின் பகுதிதான்.

மாத்திரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் சேரும். குடலில் கரையும் பூச்சுள்ளதை உடைத்தால் மருந்து கெடும் அல்லது வயிற்றை அரிக்கும். டாக்ஸிசைக்ளின், பொட்டாசியம் குளோரைடு, எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் ஆகியவை உணவுக்குழாயில் நின்றால் புண்ணாக்கும். திரவ வடிவம் இருக்கிறதா, கொஞ்ச காலம் நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்பதே வழி.

எடையை வாரம் ஒருமுறை பார்க்கவும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ குறைந்தால் அது வெறும் பசிக்குறைவு அல்ல. எலும்பு சேர்வதற்குப் புரதம் வேண்டும். மசியல் உணவிலேயே நாள் கடத்துபவர்களுக்கு முதலில் குறைவது அதுதான்.

பயிற்சி: எது, எப்போது

முழுப் பலத்தோடு இறுக்கி விழுங்குவது, தள்ளும் வலுவைக் கூட்டும். குரல் நாண் சரியாக மூடாதவருக்கு மூச்சை அடக்கி, விழுங்கி, மூச்சை உள்ளிழுக்கும் முன்பே இருமித் தள்ளும் முறையைக் கற்றுக்கொடுப்பார்கள். குரல்வளை மேலெழுந்த நிலையில் ஓரிரு நொடி பிடித்து வைக்கும் மெண்டல்சன் முறை, உணவுக்குழாயின் மேல்வாயில் திறந்திருக்கும் நேரத்தை நீட்டும். இவற்றைப் பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளர் கண்முன் பழகிய பிறகே தனியாகச் செய்ய வேண்டும்.

இணையத்தில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் ஷேக்கர் பயிற்சி, மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பிடிப்பது. முன்கழுத்துத் தசைகள் ஆறாமலும் எலும்பு சேராமலும் இருக்கும்போது இது கழுத்தின் மேல் நேரடிச் சுமை. அறுவை மருத்துவர் வெளிப்படையாக அனுமதிக்கும் வரை தொடக் கூடாது. தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்குவது, தலையைப் பக்கவாட்டில் திருப்பி விழுங்குவது ஆகியவையும் இதே நிபந்தனைக்கு உட்பட்டவை.

மாதங்கள் கடந்தும் நின்றால்

செயலிழந்த குரல் நாண் 6 முதல் 12 மாதத்துக்குள் தானாக மீள வாய்ப்பிருக்கிறது. அதுவரை புரையேறலோடு வாழ வேண்டியதில்லை: கரையக்கூடிய ஜெல்லை அந்த நாணுக்குள் ஊசியால் செலுத்தி நடுவுக்குத் தள்ளினால் எதிர் நாண் வந்து மூடும். பிளேட் உரசுவதும் ஒட்டுத்தழும்பும்தான் காரணம் என்று உறுதியானால், எலும்பு முழுதாகச் சேர்ந்ததை சி.டி. ஸ்கேனில் பார்த்தபின் பிளேட்டை எடுத்து ஒட்டல்களை விடுவிக்கலாம். நெஞ்செரிச்சல், தைராய்டு வீக்கம் போன்ற வேறு காரணங்களையும் இந்தக் கட்டத்தில் தேட வேண்டும். எல்லாப் பழியையும் அறுவையின் மேல் போட்டால் அவை தப்பிவிடும்.

இரண்டாவது முறை முன்கழுத்து அறுவை தேவைப்படுவோர், குரல் நன்றாக இருந்தாலும், அதற்கு முன் குரல் நாணைக் கேமராவால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு பக்க நாண் செயலிழந்தும் மறுபக்கம் ஈடுகட்டுவதால் குரலில் தெரியாமல் இருக்கலாம். தழும்பைத் தவிர்க்க எண்ணி மருத்துவர் எதிர்ப்பக்கத்தால் போய், அங்குள்ள நரம்பும் பாதித்தால் இரண்டு நாண்களும் அசையாமல் மூச்சுவழி அடைபடும். பழைய நாண் செயலிழந்திருப்பது முன்கூட்டியே தெரிந்தால், அதே பக்கத்தின் வழியாகவே மறுபடி போவார்கள்.